தேரன்றைக்குக் கொடுத்த தேதி

காஞ்சிபுரத்தில் கல்யாணத் தேதி குறிக்க ஜோசியர்கள் இருக்கிறார்கள், புரோகிதர்கள் இருக்கிறார்கள், போதாக்குறைக்குக் கைபேசிக்குள்ளேயே பஞ்சாங்கம் இருக்கிறது. பெரிய சாலையை ஒட்டி நிற்கும் அந்தப் பழைய ஆலயத்துச் சபையாருக்கு மட்டும் சுகாசினி ஒருத்திதான். போதகர் ஜெபம் பண்ணுவார், தாலியை எடுத்துக் கொடுப்பார், நேரம் இருந்தால் நீளமாகப் பிரசங்கமும் வைப்பார். ஆனால் தேதி சுகாசினி கொடுக்க வேண்டும். அவள் "அன்னிக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டால் பேராயரே சிபாரிசு பண்ணினாலும் அன்றைக்குக் கல்யாணம் கிடையாது.

ஆலய அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை பண்ண வேண்டாம். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், கெஞ்சினால் வேலை செய்யும் ஒரு பிரிண்டர், கண்ணாடி போட்ட ஒரு மேஜை, அவ்வளவுதான். ஆனால் அந்த மேஜைக்கு வராத விவகாரம் கிடையாது. வெளிநாடு போகிறவனுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் உடனே வேண்டும். பாடகர் குழுவில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை, யாராவது சமாதானம் பண்ண வேண்டும். அப்பாவைக் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பான் அண்ணன். உயிரோடு இருந்தபோதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது என்பான் தம்பி. சுகாசினி எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பேச விட்டு, கடைசியில் தான் முதலிலேயே நினைத்து வைத்திருந்ததைச் சொல்லுவாள். பெரும்பாலும் அதுதான் நடக்கும்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே தற்காலிகமாகத்தான். முன்பிருந்த குமாஸ்தா கண் ஆபரேஷனுக்குப் போனபோது, டைப்ரைட்டிங் தெரிந்த பெண் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் கண் சரியாகி, அப்படியே மகன் வீட்டோடு போய்விட்டார். நாற்காலியை இவளிடம் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை பிறந்து, அது வளர்ந்து கல்லூரிக்குப் போய், நான்கு போதகர்கள் மாறி, இன்னமும் அதே நாற்காலி. "எனக்குத் தெரியும்" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. பெருமைக்குச் சொல்வது இல்லை, பெரும்பாலும் நிஜமாகவே தெரியும்.

இந்த ஊரில் தேதி கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் சபையில் கல்யாணம் வைப்பது இல்லை. அது எந்த ஊர் ஆலயத்திலும் உள்ளதுதான். காஞ்சிபுரத்தில் அதோடு பெருமாள் வைகாசி உற்சவத்துக்கு எப்போது புறப்படுகிறார் என்பதும் தெரிய வேண்டும். கருட சேவை அன்றும் தேர் அன்றும் ஆலயத்து வாசல் வழியாக மனுஷத் தலைதான் போகும், வண்டி போகாது. தேரன்றைக்குக் கரண்டையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் சுகாசினியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் திருச்சபை நாட்காட்டிக்குப் பக்கத்திலேயே பெருமாள் கோயில் உற்சவ நோட்டீசும் இருக்கும். புதிதாக வந்த போதகர் ஒருவர் ஒரு தடவை அதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்த வைகாசி முடிந்ததும் புருவம் தானாக இறங்கிவிட்டது.

தேருக்கும் ஆலயத்துக்கும் வேறு கொடுக்கல் வாங்கலும் உண்டு. தேரன்று ஆலய வாசலில் மோர்ப் பந்தல் போடுவது சபையின் வழக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தேர் வாசலைக் கடக்கும் வரைக்கும் ஆலயமணி அடிப்பது இல்லை. அதே மாதிரி ஆலயத்தில் சாவு ஆராதனை நடக்கும்போது சாமி ஊர்வலம் வந்தால் மேளமும் நாதஸ்வரமும் வாசலைத் தாண்டும் வரை வாய் மூடிப் போகும். இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்தது இல்லை. அவர்கள் ஒன்று செய்வார்கள், இவர்கள் ஒன்று செய்வார்கள், அவ்வளவுதான்.

உற்சவத் தேதியை நோட்டீசு வருவதற்கு முன்னாலேயே சுகாசினிக்குச் சொல்கிறவர் தேவராஜன். சின்னக் காஞ்சிபுரத்துக் கோயில் குடும்பம். சபைக்குக் கணக்கு இருக்கும் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தை மாதமும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "உங்காத்துக் கல்யாணமெல்லாம் இந்த நாளை விட்டுட்டு வெச்சுக்கோங்கோ" என்று போனில் சொல்லிவிடுவார். இந்த வருடம் தை மாதம் அவர் பெங்களூரில் இருந்தார். மகள் ஸிந்துஜாவுக்குப் பிரசவம். போன் போட்டுக் கேட்டிருந்தால் அங்கிருந்தே சொல்லியிருப்பார். சுகாசினி போடவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள்.

அவள் போட்ட கணக்கு ஆலயத்துக் கணக்கு. ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டி வருவது. கருட சேவையும் ஏறக்குறைய பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது. போன வருடம் ஈஸ்டருக்கு அடுத்த பௌர்ணமிக்குக் கருட சேவை, அதிலிருந்து நாலாம் நாள் தேர். இந்த வருடம் ஈஸ்டரே சீக்கிரம் வந்துவிடுகிறது; ஆகவே பெருமாளும் சீக்கிரம் வந்துவிட்டுப் போய்விடுவார், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் சாலை காலியாக இருக்கும். கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தி! இந்த வருடம் ஈஸ்டருக்கு அடுத்த பௌர்ணமி சித்திரையிலேயே வந்து போய்விடுகிறது, பெருமாள் வைகாசிப் பௌர்ணமிக்குக் காத்திருப்பாரே ஒழிய ஈஸ்டருக்குப் பின்னால் ஓடி வரமாட்டார் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

அப்படி அவள் தேதி கொடுத்தது புவனேஸ்வரியின் மகள் சிம்ரனுக்கு.

புவனேஸ்வரியின் வீடு ஆலயத்துக்கு நேர் எதிர்ச் சந்தில், ஆலயத்தில் இருமினால் அங்கே கேட்கும். அவள் பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடும் வேலையில் இருக்கிறாள். கணவர் தறி நெய்கிறவர், பிறந்ததிலிருந்து இந்தச் சபை. புவனேஸ்வரி பெருமாள் கும்பிடுகிற வீட்டுப் பெண். கல்யாணம் பேசின காலத்தில், ஞானஸ்நானம் எடுத்தால்தான் ஆலயத்தில் தாலி என்று அன்றைய போதகர் சொல்லிவிட்டார். தன் அம்மா உயிரோடு இருக்கும்வரை அது முடியாது என்று புவனேஸ்வரியும் சொல்லிவிட்டாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு எதிர்ச் சந்தில் குடித்தனம் வைத்தார்கள். அம்மா காலமான பிறகு அவள் ஞானஸ்நானம் எடுத்தாள், பெண்கள் ஐக்கியத்தில் சேர்ந்தாள், சபை விருந்தான அசனத்துக்கு வெங்காயம் உரித்தாள். ஆனால் கல்யாணம் ஆகிப் படியிறங்கும் ஜோடிக்கு ஆலயமணி அடிப்பார்களே, அது அவளுக்கு அடித்தது இல்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அடித்த மணியைச் சந்துக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள்.

தேதி கேட்டு வந்த அன்று கம்பளம் எத்தனை அடி, பூ யார் போடுவார்கள், வீடியோக்காரன் எங்கே நிற்கலாம் என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை. எழுந்து போகும்போதுதான் கேட்டாள்.

"மணி அடிப்பீங்க இல்ல, சுகாசினிமா?"

"இன்னாக்கா இப்படிக் கேக்கறீங்க. நான் இருக்கேன், அடிக்காம உடுவனா" என்றாள் சுகாசினி.

மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும்; இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிப்பது. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சுகாசினி வெளியே வந்தாள். ஆலயத்துச் சுற்றுச்சுவரில் பசை காயாமல் உற்சவ நோட்டீசு ஒட்டியிருந்தது. தடை யாரிடமிருந்து வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. திருத்தேர் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்த நாள், சிம்ரனின் கல்யாண நாள்.

அவள் நேராக அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு அடியில் இருந்த போன வருட நோட்டீசை உருவி எடுத்து, கிழிக்காமல், அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்மேல் வந்த கோபம் இன்னொருத்தர்மேல் வந்திருந்தால் சபையே கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருப்பாள்.

சபைச் செயலாளர் உதயகுமார் நல்ல மனிதர், பிரச்சினை என்று வந்தால் முதலில் அதை யார் தலையில் இறக்கலாம் என்று பார்ப்பார். பெண் வீட்டார்தான் அந்தத் தேதியைக் கேட்டார்கள் என்று சொல்லிவிடலாமே என்றார். சுகாசினி துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு சாலையைத் தாண்டி எதிர்ச் சந்துக்குள் போய்விட்டாள். தேதி கொடுத்தது தான், தப்பும் தன்னுடையது என்று புவனேஸ்வரியிடம் நின்றபடியே சொன்னாள்.

நாளை மாற்றவும் வழி இல்லை. மாப்பிள்ளை கப்பலில் வேலை செய்கிறவன், முந்தின நாள்தான் ஊருக்கு வந்து சேருகிறான். மறுநாள் அவர்கள் ஊரான அரக்கோணத்தில் வரவேற்பு, பத்திரிகையெல்லாம் போயாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நியாயமாகவே ஒரு யோசனை சொன்னார்கள். மறுநாள் காலையில் எங்கள் ஊர் ஆலயத்திலேயே கல்யாணத்தையும் வைத்துக்கொண்டால் போகிறது, சாயங்காலம் வரவேற்பு. எல்லாருக்கும் சௌகரியம்தான். புவனேஸ்வரியின் கணவர்கூடத் தலையாட்டிவிட்டார். புவனேஸ்வரி மட்டும் மடித்த புடவையை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் சுகாசினிக்குத் தாங்கவில்லை.

"அக்கா, கல்யாணம் இங்கதான். அதே நாள்தான். எனக்கு உட்டுடுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள். ஆனால் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் சுகாசினி வேறு ஆள். தேவராஜன் ஊர் திரும்பியிருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். ஈஸ்டர் கணக்கைக் கேட்டு அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு ஒரு விஷயம் சொன்னார். "தேர் வர்றதுக்கு முன்னாடிதான் கஷ்டம். தாண்டிடுத்துன்னா கூட்டம் அது பின்னாலேயே போயிடும். உங்க மனுஷாளை விடியறதுக்குள்ள உள்ளே சேர்த்துடுங்கோ." அவர் மனைவி வரலக்ஷ்மி, கல்யாணம் முடிந்ததும் மணமக்களைப் பெருமாளே வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, காபி கொடுத்தாள்.

அதற்கப்புறம் அந்த அலுவலகம் போர்க்களம் மாதிரி ஆனது. அரக்கோணத்தார் முந்தின நாளே வந்து, ஆலயப் பள்ளிக்கூட வகுப்பறைகளில் தங்கும்படி ஏற்பாடு. கரண்ட் இருக்காது; ஆகவே மின்சார ஆர்கன் உதவாது. பழைய கை ஆர்மோனியத்தைப் பீரோவின் மேலிருந்து இறக்கித் துடைத்து, பேச்சுவார்த்தை இல்லாத அந்த இரண்டு பாடகர்களையும் அதற்கு இரண்டு பக்கத்திலும் நிற்க வைத்துப் பாடிப் பழகச் சொன்னாள். பிரியாணி கியாசுதீன் பாய். காலையில் வேன் வராது என்பதால் அடுப்பையும் அண்டாவையும் முந்தின சாயங்காலமே கொண்டுவந்து ஆலய வளாகத்தின் பின்பக்கத்தில் இறக்கச் சொன்னாள். "பெருமாள் தேருக்குப் பயந்து சர்ச்சுக்குள்ள பிரியாணி செய்யறேன். எங்க ஊட்ல சொன்னா நம்ப மாட்டாங்கமா" என்று பாய் அடுப்பை இறக்கினார்.

இவ்வளவு வேலைக்கு நடுவில் மோர்ப் பந்தல் வேண்டாம், இந்த ஒரு வருடம் விட்டுவிடலாம் என்றார் உதயகுமார். சுகாசினி ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் தேர் வரும்போது பந்தல் இல்லாமல் எப்படி என்று கேட்டு, மோருக்கும் ஆள் போட்டாள்.

தேரன்று விடிகிறபோது எல்லாம் அவள் சொன்னபடி இருந்தது. அரக்கோணத்தார் குளித்து உடுத்தி, இட்லி சாப்பிட்டு, ஆலயத்துக்குள் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். போதகர் அங்கி போட்டுத் தயார். வெகு தூரத்திலிருந்து வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்தாகிவிட்டது. வராதது சாலைக்கு அந்தப் பக்கம் நாற்பது அடி தள்ளி இருந்த மணப்பெண் மட்டும்தான்.

எதிர் வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் வந்துவிடலாம் என்று பெண் வீட்டார் இருந்துவிட்டார்கள். அலங்காரம் பண்ணும் பெண் ஊரின் மறுகோடியிலிருந்து கூட்டத்துக்குள் நடந்தே வந்து சேருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. சிம்ரன் அப்பா நெய்த வெள்ளைப் பட்டு உடுத்தி, தலையில் வலைத்துணி போட்டு, கையில் பூங்கொத்தோடு சந்து முனைக்கு வந்தபோது, முன்னே ஜனக்கடல், அதற்கு நடுவில் தேர் வடம். தேர் ஆலய வாசலை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. குழாய் பதிக்கத் தோண்டி மூடின இடத்தில் சக்கரம் அழுந்திவிட்டது. பின்னாலிருந்து நெம்பித் தள்ளுவதற்கு ஜேசிபி வண்டியைக் கூட்டி வரப் போயிருந்தார்கள். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

தளர்ந்த வடம் சாலை நெடுகத் தரையில் கிடந்தது. இரண்டு பக்கமும் அதைப் பிடித்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வடத்தைத் தாண்டக் கூடாது. இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தெரியும். தேர் நகரட்டும், அதுவரைக்கும் யாரும் குறுக்கே போகக் கூடாது என்று போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் புவனேஸ்வரி மகளின் வலைத்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆலய வாசலிலிருந்தே சுகாசினிக்குத் தெரிந்தது. கை எட்டும் தூரம் மாதிரி இருந்தது, எட்டவில்லை.

அப்போது மோர்ப் பந்தலுக்குக் கன்னியப்பன் வந்தார். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். தேர் எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் வைக்கிற கட்டையில்தான் இருக்கிறது. மற்ற நாட்களில் தச்சு வேலை. ஆலயத்து பெஞ்சுகளுக்குக் கால் உடைந்தாலும் அவர்தான் வந்து சரி பண்ணுவார். வருடா வருடம் இந்தப் பந்தலில் நின்று இரண்டு சொம்பு மோர் குடிக்காமல் அவர் போனது இல்லை. சுகாசினி முதல் சொம்பைக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"தேரன்னிக்கு யாருமா தேதி குடுத்தது?" என்றார் கன்னியப்பன்.

"நான்தான் குடுத்தேன்." ஈஸ்டரையும் பௌர்ணமியையும் வைத்துப் போட்ட கணக்கையும் சொல்லிவிட்டாள்.

அவர் சொம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "உங்க சாமி எழுந்த நாள வெச்சி எங்க சாமி பொறப்படற நாள கண்டுபிடிச்சியா ஆபீசு அம்மா. சரி வா."

அவர் போலீஸ்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, வடம் பிடித்தவர்களைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். தாண்டத்தானே கூடாது. தொடை கனத்துக்கு இருந்த அந்த வடத்தை முதலில் இடுப்புக்கு, பிறகு தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். மணப்பொண்ணு வருது, வழி உடுங்கபா என்று யாரோ கத்த, கூட்டம் பிளந்தது. சிம்ரன் தலையைக் குனிந்துகொண்டு வடத்துக்கு அடியில் நுழைந்து வந்தாள். பின்னால் அவள் அப்பா. அதற்கும் பின்னால் வந்த புவனேஸ்வரி, நடுவில் ஒரு விநாடி நின்று, தலைக்கு மேலே இருந்த வடத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிறு பெண்ணாக அவள் இந்த வடத்தைப் பிடித்து இழுத்தவள்தானே. சுகாசினியின் பக்கத்தில் நின்ற உதயகுமாரும் அதைப் பார்த்தார். இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மைக் இல்லாமல் பேசிப் பழகாத போதகர் முதல் இரண்டு நிமிடம் திணறினார், பிறகு நல்ல குரல் வந்தது. மின்விசிறி ஓடாததால் பிரசங்கம் சின்னதாக முடிந்தது. அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆர்மோனியத்துக்கு இரண்டு பக்கத்திலும் நின்ற பாடகர்கள் பாதிப் பாட்டில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து இடம் விட்டுப் பாடினார்கள். தாலி ஏறிற்று, கையெழுத்து முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு வாசல் முகப்புக்கு வந்தார்கள். இனி மணி அடிக்க வேண்டும், அவர்கள் படியிறங்க வேண்டும்.

தேர் இன்னும் அங்கேயே நின்றது.

மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் சுகாசினியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தேர் வாசலைக் கடக்கும்வரை மணி அடிப்பது இல்லை. கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வடத்தையே தூக்கிக் கொடுத்தவர்கள். அதனாலேயேதான் கேட்க முடியாது. ஒரே நாளில் எத்தனை வாங்குவது? அவள் புவனேஸ்வரியிடம் போய், தேர் நகர்ந்ததும் அடிக்கச் சொல்கிறேன், அதுவரை யாரும் படியிறங்க வேண்டாம் என்றாள்.

கொஞ்ச நேரம் நின்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை பூங்கொத்தால் விசிறிக்கொண்டு, பசிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசனை வேறு. புவனேஸ்வரி சுகாசினியின் கையைத் தொட்டாள்.

"பரவால்லமா. எறங்கட்டும். எனக்கு இதுவே போதும்."

சுகாசினி சபையில் எத்தனையோ பேரின் 'பரவாயில்லை'யைக் கேட்டிருக்கிறாள். போதும் என்கிறவர்கள் எல்லாருக்கும் போதுவது இல்லை என்று அவளுக்குத் தெரியும். தான் கொடுத்த தேதி, தான் கொடுத்த வாக்கு. மற்றதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, புவனேஸ்வரி கேட்ட ஒன்றே ஒன்றை மட்டும் கொடுக்க முடியாமல் நிற்கிறோமே என்று இருந்தது அவளுக்கு. ஆனாலும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கக்கா என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது சொம்பு மோருக்கு வந்த கன்னியப்பன், முகப்பில் ஜோடி நிற்பதைப் பார்த்தார். மேலே மணிக் கூண்டைப் பார்த்தார்.

"கல்யாணம் முடிஞ்சா மணி அடிப்பீங்களே. இன்னா அடிக்காம நிக்கிறீங்க?"

தேர் நிற்கிறதே என்றாள் சுகாசினி. போகட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்றாள்.

கன்னியப்பன் சொம்பைக் கீழே வைத்தார். "உங்க ஊட்டு சாவுக்கு நாங்க மேளத்த நிறுத்திக்கினு போறோம். கல்யாணத்துக்கு நிறுத்த மாட்டமா?"

அவர் கூட்டத்துக்குள் நுழைந்து தேர்ப்பக்கம் போனார். யாரிடம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தவில் நின்றது. அப்புறம் நாதஸ்வரம் நின்றது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் குழந்தைகள் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. தேருக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்து, அடி என்று காட்டியது.

வாட்ச்மேன் கயிற்றை இழுக்கப் போனார். சுகாசினி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க வாங்க" என்றாள்.

புவனேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். முதல் இழுப்புக்கு மணி அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. அது கையால் இழுக்கிற மணி இல்லை, உடம்பையே கொடுத்து இழுக்க வேண்டும். இரண்டாவது இழுப்புக்கு அவள் அப்படி இழுத்தாள். மணி அடித்தது. வெள்ளைப் பட்டோடு சிம்ரன் படியிறங்கினாள், வடம் பிடித்தவர்கள் கைதட்டினார்கள், மாப்பிள்ளையின் அத்தை பசியை மறந்து அழுதாள். வழக்கமாக ஜோடி கடைசிப் படியைத் தொட்டதும் மணியை நிறுத்திவிடுவார்கள். ஜோடி படியிறங்கி, வாசல் வரைக்கும் போய், மோர்ப் பந்தலில் ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தும் ஆயிற்று. புவனேஸ்வரி இழுத்துக்கொண்டே இருந்தாள். சுகாசினி அவளை நிறுத்தச் சொல்லவில்லை.